பதிவேட்டில் இல்லாத நுரையீரல்

(ராஜபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நலமும் பாதுகாப்பும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "ராஜபாளையத்தில் எங்கே ஐயா சுரங்கம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த வட்டாரம் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றது, சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. சுரங்கம் என்றதும் நம் நினைவு நெய்வேலிக்கோ கோலாருக்கோ ஓடிவிடுகிறது.

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்குக் கல்குவாரியும் சுரங்கம்தான். கட்டடக் கல், ஜல்லி, சரளை, சுண்ணாம்புக்கல் எடுக்கும் திறந்தவெளிக் குழிகளுக்கு அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு ஒரு விலக்குத் தந்தது. ஆனால் ஆழம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடி வைக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரே ஒரு தோட்டா வெடித்தாலும் அந்தக் குழி சுரங்கமாகிவிடுகிறது. அங்கே பாறையில் துளை போடும் ஜாக்கேமர் பிடிப்பவர் சுரங்கத் தொழிலாளி. ஜாரியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்கு உள்ள உரிமைகளில் பெரும்பாலானவை சட்டப்படி அவருக்கும் உண்டு. அது அவருக்குத் தெரியாது; பல இடங்களில் அவருடைய மேஸ்திரிக்கும் தெரியாது.

ஊருக்கு மேற்கே அய்யனார் கோவில் இருக்கிறது. நீர்காத்த அய்யனார் என்றே சாமிக்குப் பெயர். மலையில் பெருமழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் இறங்கி, கோவிலுக்குப் போகவிடாமல் வனத்துறை தடுப்பதும், அதே வழியில் இருக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருவதும் நீங்கள் அறிந்தவை. அந்தக் காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகமானது. ஆகவே அந்தப் பக்கம் கல்லுக்குக் காவல் உண்டு. 2021 நவம்பரில் தமிழக அரசு சிறு கனிம விதிகளைத் திருத்தி, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. ஓராண்டு கழித்து, 2022 டிசம்பரில், அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துவிட்டது. அது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் இன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல. சரணாலயத்துக்கும் புலிகள் காப்பகத்துக்கும் அந்த ஒரு கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது. அய்யனார் கோவில் ஆற்றின் தலைப்பக்கத்தில் யாரும் கிரஷர் போட்டுவிட முடியாது.

கல்லின் தேவை அதனால் குறைந்துவிடவில்லை. சமவெளிக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். இதே விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கில் பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டுகிறார்கள். வடக்கே காரியாபட்டிப் பக்கம் கருங்கல் உடைக்கிறார்கள். ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தபிறகு எம்-சாண்ட் என்ற செயற்கை மணல் வந்தது. 2023இல் அதற்கென்றே அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டது. ஆறு பிழைக்க வேண்டும் என்றால் எம்-சாண்ட் வேண்டும். ஆனால் ஜல்லி உடைப்பது வேறு, கல்லை மணலாகப் பொடிப்பது வேறு. பொடிக்கப் பொடிக்கத் தூசி கூடும். அந்தத் தூசிக்குப் பிறகு வருகிறேன். முதலில் நாளிதழில் வருகிற சாவுகள்.

2024 மே 1, தொழிலாளர் தினம். காரியாபட்டி அருகே ஆவியூர் குவாரியில் வெடிமருந்து இருப்பு வைக்கும் இடத்தில் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 2022 மே 14 இரவு, திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்தது. ஆழத்தில் ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வர வேண்டியிருந்தது. 2025 மே 20, சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டை. மறுபடியும் பாறைச் சரிவு, ஆறு உயிர்கள். இறந்தவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்.

பாறை சரிவதைத் தெய்வச் செயல் என்று சொல்லாதீர்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 106ஆவது விதி, கடினப் பாறையைப் படிப்படியாக வெட்ட வேண்டும் என்கிறது. குவாரியில் அதற்குப் பெஞ்ச் என்று பெயர். ஒரு பெஞ்சின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. மேலே ஒரு கல் நழுவினாலும் அடுத்த படியில் விழுந்து நிற்கும், அடியில் இருக்கும் ஆள் தலைக்கு வராது.

இப்போது ஒரு ஹெக்டேர் குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுரம். 6 மீட்டர் இறங்கினால் நான்கு பக்கமும் 6 மீட்டர் உள்ளே வர வேண்டும். இறங்க இறங்கக் குழி சுருங்கிக்கொண்டே வரும். 50 மீட்டர் ஆழத்தில் நான்கு பக்கமும் வந்து ஒன்றையொன்று தொட்டுவிடும். அதற்குக் கீழே போக வழியே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்த பிரமிடு போன்ற அந்தக் குழியில் கிடைக்கும் கல், அதே ஆழத்துக்குச் சுவர்போல் நெட்டுக்குத்தாக வெட்டினால் கிடைக்கும் கல்லில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு பெஞ்சுகளாகவே நின்றுவிடும். எல்லை ஓரம் விட வேண்டிய இடத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆக, சின்னக் குத்தகையை விதிப்படி வெட்டினால் கல்லில் பெரும்பகுதி உங்களுடையது அல்ல. ஏலத்தில் தொகை கேட்கிறவர் எந்தக் குழியை மனதில் வைத்துக் கேட்கிறார், படி வைத்த குழியையா, நெட்டுக்குத்தான குழியையா? இந்தக் கேள்வியை ஏல அறிவிப்பிலேயே கேட்டுவிட வேண்டும். பெஞ்ச் வைத்தால் எத்தனை கன மீட்டர் கிடைக்கும் என்று அரசே கணக்கிட்டுச் சொல்லி, அதற்குமேல் ஒரு லோடுக்கும் நடைச்சீட்டு தராமல் இருந்தால், பாதிச் சரிவு காகிதத்திலேயே நின்றுவிடும். இன்றோ விபத்து நடந்த மறுநாள் வட்டாரக் குவாரிகளை எல்லாம் மூடி ஆய்வு நடத்துகிறோம். சில வாரத்தில் திறக்கிறோம்.

இனி, நாளிதழில் வராத சாவு.

நம் பக்கத்துக் கருங்கல் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் வகை. அதில் கணிசமான பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. சுண்ணாம்புக்கல்லில் அது மிகக் குறைவு. எனவே பந்தல்குடித் தூசியும் காரியாபட்டித் தூசியும் கண்ணுக்கு ஒன்றுபோல் வெள்ளையாக இருந்தாலும் நெஞ்சுக்கு ஒன்றல்ல. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும், இருமித் துப்பிவிடலாம். கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாதது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள் காற்றுப்பைகள் வரை போய் அமர்கிறது. அதை விழுங்கித் தீர்க்க வரும் வெள்ளணு, சிலிக்காவைச் செரிக்க முடியாமல் செத்து, விழுங்கியதைக் கக்கிவிடுகிறது. அடுத்த அணு வருகிறது, அதுவும் சாகிறது. போராட்டம் நடந்த இடமெல்லாம் தழும்பு. தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. புதிதாக உடைந்த சிலிக்கா, பழைய மணலில் கிடக்கும் சிலிக்காவைவிட வீரியமானது. கிரஷரில் பறப்பது முழுக்கப் புதிதாக உடைந்ததுதான்.

இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். சாதாரணமாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். தூசி மிகுந்தால் ஐந்தே ஆண்டில், அதற்கு முன்பேகூட வரும். வந்ததைப் போக்க மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முன்னேறும். காசநோய் வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும். சிலிக்காத் தூசி நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே வகைப்படுத்தியது.

எவ்வளவு தூசி வரை பொறுக்கலாம்? நம் சுரங்க விதி, சிலிக்கா மிகுந்த தூசிக்கு 15 என்ற எண்ணைச் சிலிக்காவின் சதவீதத்தால் வகுக்கச் சொல்கிறது. தூசியில் 30 சதவீதம் சிலிக்கா என்றால் கன மீட்டருக்கு அரை மில்லிகிராம் தூசி. அதில் சிலிக்கா மட்டும் 0.15 மில்லிகிராம். அமெரிக்கா 2016இல் தொழிற்சாலைகளுக்கு வைத்த வரம்பு 0.05. அவர்கள் பொறுக்கிறதைப்போல் மூன்று மடங்கு நாம் பொறுக்கச் சொல்கிறோம். சரி, அந்த வரம்பையாவது அளந்து பார்க்கிறோமா? அளக்கும் கருவியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஒரு ஷிப்ட் முழுக்க வேலை செய்த குவாரித் தொழிலாளியை உங்களில் யாராவது பார்த்திருந்தால் கூட்டம் முடிந்ததும் எனக்குச் சொல்லுங்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். துண்டு பெரிய தூசியைத் தடுக்கும். ஆளைக் கொல்கிற தூசி அதில் நிற்காது.

இதற்கு மாற்று ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. துளை போடும்போது கம்பி வழியாகவே தண்ணீர் விட்டால் தூசி பிறக்கும் இடத்திலேயே சேறாகிவிடும். கிரஷரின் வாயை மூடி, பெல்ட்டில் தண்ணீர் தெளித்தால் பெரும்பகுதி அடங்கும். வேண்டியது தண்ணீர்தான். சித்திரை வெயிலில் விருதுநகர் மாவட்டத்தில் டேங்கர் தண்ணீர் என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் மருத்துவன் அல்ல, சட்டம் படித்தவன். இந்த நோயை நான் சந்தித்தது மருத்துவமனையில் அல்ல, வழக்குக் கட்டுகளில். அங்கே கண்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

2025 நவம்பர் வரை இருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியல் ஒன்று இருந்தது; சிலிகோசிஸ் அதில் இடம்பெற்றிருந்தது. பல முதலாளிகளிடம் மாறிமாறி வேலை செய்து வந்த நோய் என்றால் அவர்களிடையே இழப்பீட்டைப் பங்கு பிரிக்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. சட்டம் எழுதியவர்கள் அதை யோசித்திருக்கிறார்கள். சுரங்கச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, இத்தகைய நோய் கண்டால் அறிவிக்கச் சொன்னது. வேலைக்குச் சேரும்போதும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தன 1955ஆம் ஆண்டு விதிகள். காகிதத்தில் குறை அதிகம் இல்லை.

ஆனால் சிலிகோசிஸ் என்று ஒரு மருத்துவர் எழுத, எக்ஸ்ரே மட்டும் போதாது. எக்ஸ்ரேயில் அது காசநோய் போலவே மேல்பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்த ஆள் இத்தனை ஆண்டு கல் தூசியில் வேலை செய்தார் என்ற வரலாறு சேர்ந்தால்தான் அது சிலிகோசிஸ். சேராவிட்டால் அது டி.பி. இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700இல் தொழில்நோய்கள் பற்றிய தன் புத்தகத்தில், நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு 'என்ன வேலை செய்கிறாய்' என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முந்நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. நம் புறநோயாளிச் சீட்டில் வயது, பாலினம், முகவரி எல்லாம் கேட்கிறோம். தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

அந்த வரலாற்றுக்கு ஆதாரம் எங்கே? எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்கும் முதல் கேள்வி இதுதான். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா? இருக்காது. முன்பணம் வாங்கி வேலைக்கு வந்தவர், யூனிட் கணக்கில் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் ஒரு பெயர், அதுவும் கூப்பிடும் பெயர். ஆறு மாதம் ஒரு குவாரி, மழைக்காலத்தில் ஊர், அடுத்து வேறு மாவட்டம். நோய் வெளியே தெரிய வரும்போது முதல் குவாரி தண்ணீர் நிரம்பிக் கிடக்கும், குத்தகைக்காரர் மாறியிருப்பார். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் மனிதர் அந்தத் தொழிலில் இருந்ததே இல்லை என்று காகிதம் சொல்லும்.

இதற்கு மேல் இன்னொரு குழப்பம். குவாரி, தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்திடம். பக்கத்திலேயே தனியாக நிற்கும் கிரஷர், மாநிலத் தொழிலகப் பாதுகாப்புத் துறையிடம். குத்தகை கனிமவளத் துறையிடம். வெடிமருந்து உரிமம் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு மத்திய அமைப்பிடம். வேலிக்கு வெளியே போகும் தூசி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். நோய் சுகாதாரத் துறையிடம். 2025 நவம்பர் வரை இருந்த இ.எஸ்.ஐ. சட்டம் தொழிற்சாலை என்பதை விளக்கும்போது சுரங்கத்தை விலக்கியிருந்தது. எனவே கிரஷரில் கல் கொட்டுகிறவருக்கு இ.எஸ்.ஐ. கிடைக்க வழியிருந்தது, அதே கல்லுக்குத் துளை போடுகிறவருக்கு இருக்கவில்லை. இருவரும் சுவாசிப்பது ஒரே தூசி.

தொழிலாளி விடுபட்டுப்போகும் இதே ஓட்டை சுற்றுச்சூழல் பக்கமும் வேறு உருவில் இருக்கிறது. 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அதன்பின் கிணறு வற்றினால், வீட்டுச் சுவர் விரிசல் விட்டால், பருத்திச் செடியில் தூசி படிந்தால் மனு கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. மனு கொடுப்பவருக்குப் பட்டா இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, ஊர் இருக்கிறது. குழிக்குள் இருப்பவர் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தால் குவாரிக்காரர் பக்கம் நின்று, எங்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள் என்று கத்துவார். அவரை லாரியில் கூட்டி வந்திருப்பார்கள். கிராமத்து ஆள் ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம் என்று பிரித்து நிறுத்தும் இந்த நாடகத்தைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. தோட்டத்தில் படிவது தொழிலாளியின் நெஞ்சில் படிந்ததன் மிச்சம்தான். வேலிக்குள் தண்ணீர் தெளித்தால் வேலிக்கு வெளியேயும் தூசி குறையும். ஊர்க்காரர்கள் தங்கள் மனுவில் ஒரு வரி சேர்க்கலாம்: குவாரிக்குள் அளந்த தூசியின் அளவை எங்களுக்குக் காட்டுங்கள்.

சாம்பல் நிற அணிலைக் கணக்கெடுக்கிறோம். எடுக்கத்தான் வேண்டும், அணில் இருந்தால்தான் காடு, காடு இருந்தால்தான் ஆறாவது மைலில் தண்ணீர். இதே மாவட்டத்தில் கல் தூசியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு எக்ஸ்ரே எடுத்தோம் என்று கேட்டால் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டாமா?

கணக்கெடுத்தால் என்ன தெரியும் என்பதற்கு நம் ஆட்களே சாட்சி. கோலார் தங்கவயலுக்கு 1880களிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். ஜான் டெய்லர் கம்பெனியின் கீழ் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கினார்கள். 1940களில் அங்கே 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. பயங்கரமான எண். ஆனால் அது எண்ணாகவாவது இருக்கிறது. ஆள் யார், எந்தச் சுரங்கம், எத்தனை ஆண்டு என்று கம்பெனி எழுதி வைத்திருந்ததால்தான் அந்த எண் பிறந்தது. 2001இல் சுரங்கம் மூடியபிறகு அங்கே மிஞ்சிய சயனைடு மண்மேடுகளின் தூசி காற்றில் ஊருக்குள் வந்ததைப் பற்றி இன்றும் பேசுகிறோம். நம் குவாரிகளில் இதே நோய் இருக்கிறது என்று நான் சொன்னால், எத்தனை பேருக்கு என்று கேட்பீர்கள். அங்கேதான் பேச்சு நின்றுவிடும்.

1995இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. நோய் மெதுவாக வரும் என்பதால் காகிதம் நெடுநாள் வாழ வேண்டும் என்பது அந்த உத்தரவின் உட்பொருள். ஐந்து ஆண்டுக் குத்தகையை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுக் காகிதத்தை யார் காப்பது? குத்தகைக்காரரால் முடியாது. மாவட்ட நிர்வாகம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராஜஸ்தான் 2019இல் வேறு வழி கண்டது. தொழிலாளி தானே பதிவு செய்துகொள்ளலாம். மருத்துவக் குழு சிலிகோசிஸ் என்று சான்று தந்தால் மூன்று லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம். பணத்துக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியையும் பயன்படுத்துகிறார்கள். குறைகள் இருக்கின்றன, போலிச் சான்றுப் புகார்களும் உண்டு. ஆனால் முதலாளியின் பதிவேட்டுக்காகக் காத்திருக்காமல் நோயாளியிடமிருந்து தொடங்கிய துணிச்சல் அதில் இருக்கிறது. அந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்தது. நம் மாவட்டங்களுக்கும் அது உண்டு, குவாரிகள் அதற்குப் பணம் கட்டுகின்றன, அதன் முன்னுரிமைச் செலவுகளில் சுகாதாரம் இருக்கிறது. காசநோய்க்காக ஊர் ஊராகப் போகும் எக்ஸ்ரே வண்டி ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு குவாரி வாசலிலும் நிற்கலாம். படத்தைப் பார்க்க, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முறைப்படி பயிற்சி பெற்ற மருத்துவர் மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தாலும் தொடங்கிவிடலாம்.

இறுதியாக ஒரு புதிய செய்தி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைந்துவிட்டது. அந்தத் தொகுப்புகளில் பலவற்றோடு எனக்குச் சண்டை உண்டு. அது இன்னொரு நாள் பேச்சு. ஆனால் பாதுகாப்புத் தொகுப்பின் ஆறாம் பிரிவு, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. ஒவ்வொருவருக்கும். மேஸ்திரி மூலம் வந்தவருக்கும், ஒடிசாவிலிருந்து ரயில் ஏறி வந்தவருக்கும். இந்த அவையில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், தொழிற்சங்கத்தார் இருக்கிறீர்கள், குவாரி நடத்துகிறவர்களும் இரண்டொருவர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத மாதிரிக் கடிதம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. ஒடியாவில் எழுதத் தெரிந்தவர் யாராவது இருந்தால் உதவுங்கள். அதில் கேட்பது ஆளின் முழுப்பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன கல், துளை போடுபவரா, வெடி வைப்பவரா, கிரஷரில் நிற்பவரா, ஹிட்டாச்சி எந்திரம் ஓட்டுபவரா, தண்ணீர் விட்டுத் துளை போட்டதா விடாமலா, கடைசியாக எக்ஸ்ரே எடுத்தது எப்போது. ஒரு பிரதி ஆளிடம், ஒன்று குவாரியில், ஒன்று ஆட்சியர் அலுவலகத்தில். கடிதத்தின் பிரதிகள் வாசல் மேஜையில் இருக்கின்றன.